மணலுக்குள் நெளிவது எது?

கேள்வி: வீட்டில் 3 அடி கடல்மீன் தொட்டி, அடியில் 2 அங்குலம் மணல். கண்ணாடி ஓரமாக மணலுக்குள் சிவப்பாக மெல்லிய கோடுகள் நெளிகின்றன. ராத்திரியில் மேலே வெள்ளை இழைகள் நீள்கின்றன. மருந்து விட்டுக் கொன்றுவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவை புழுக்கள். மருந்து வேண்டாம். காப்பர் கலந்த மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். அந்தக் காப்பர் சுண்ணாம்புச் சத்துள்ள மணலில் படிந்தும் போகும். மணலுக்குள் மொத்தமாகச் செத்த புழுக்கள் அழுகி அம்மோனியா ஏறினால், அடுத்து மீன்தான்.

விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு செல்லோபேன் தாள் கட்டிப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடிவிடும். ஒரு துளையிலிருந்து எத்தனை இழை வருகிறது என்பதுதான் கேள்வி. இரண்டே இரண்டு, சுருண்டு ஆடினால் ஸ்பியோனிட் என்ற சிறு புழு. சேமியா சிதறியதுபோல் பல இழைகள் நாலாபக்கமும் கிடந்தால் ஸ்பெகட்டி வார்ம். இழையின் பள்ளத்தில் துணுக்குகள் வாய்ப்பக்கம் நகர்வது லென்ஸில் தெரியும். இரண்டுமே கழிவைத் தின்று வாழ்பவை, விட்டுவிடுங்கள்.

கண்ணாடியோரம் தெரியும் சிவப்பு உடம்பைப் பார்க்க, ஒரு ஸ்பூன் மணலை இங்க் ஃபில்லரால் உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விடுங்கள். தொட்டித் தண்ணீரே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் புழு செத்துவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வளையம் வளையமான உடம்பு, இருபக்கமும் வெள்ளை முடிக்கற்றை என்றால் பிரிஸ்டில் வார்ம். வெறுங்கையால் தொடாதீர்கள். முடி குத்தினால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள். சிறியவை துப்புரவுக்காரர்கள்தான். பென்சில் தடிமனில், உடம்பு மினுங்கி, தலையில் ஐந்து உணர்கொம்புடன் ஒன்று வந்தால் மட்டும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்: அது யூனிசிட் வகை, தாடை பலமானது.

எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் நீங்கள் இரை அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். மிச்சம் கிடக்கும் இரை தீர்ந்தால் புழுவும் தானே குறையும். புழுவைப் பிடிக்கப் பொறி வைப்பது இரண்டாம்பட்சம்.

பகலிலேயே புழுக்கள் மணலைவிட்டு மேலே ஏறிவந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆக்சிஜன் குறைகிறது. சித்திரை வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. கரண்டும் போனால் கேட்கவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

மணல் மாற்ற நினைத்தால் உவரி, பெரியதாழைப் பக்கத்துக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதில் இல்மனைட், கார்னெட் என்ற இரும்பு கலந்த கனிமங்கள் இருக்கும். தொட்டிக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல்தான் சரி.