ரெய்ஷி காளானும் டிஎன்ஏ சோதனையும்: கேள்வி பதில்

டப்பாவில் 'கேனோடெர்மா லூசிடம்' என்று போட்டிருக்கிறது. சீனர்கள் லிங்ஷி என்றும் ஜப்பானியர்கள் ரெய்ஷி என்றும் சொல்லும் மருந்துக் காளான் இதுதானா?

பெரும்பாலும் உள்ளே இருப்பது லிங்ஷிதான், பெயர்தான் பழையது. 'லூசிடம்' என்பது 1781-இல் லண்டன் பக்கம் கிடைத்த காளானுக்கு ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் கர்டிஸ் வைத்த பெயர். வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் ஆசியக் காளான்களையும் பிறகு அதே பெயரில் சேர்த்துவிட்டார்கள். டிஎன்ஏவை ஒப்பிட்டபோது சீனாவில் வளர்ப்பது தனி இனம் என்று உறுதியானது. 2012-இல் அதற்கு 'கேனோடெர்மா லிங்ஷி' என்று பெயரிட்டார்கள். 1983-இல் வைத்த 'சிச்சுவானென்ஸ்' என்ற பெயரே முந்தியது, அதுதான் செல்லும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

டிஎன்ஏவில் எந்தப் பகுதியைப் படிக்கிறார்கள்?

ஐடிஎஸ் என்ற பகுதியை. செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுக்களுக்கு நடுவே இருப்பது, ஏறத்தாழ 600 எழுத்து நீளம். இதன் இரு பக்கமும் எல்லாக் காளான்களிலும் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும், அதனால் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் எளிதாகப் பெருக்கலாம். நடுப்பகுதி இனத்துக்கு இனம் மாறும். ஒரே செல்லில் இதற்குப் பல பிரதிகள் இருப்பதால் காய்ந்த துண்டுகூடப் போதும். 2012-இல் இதைப் பூஞ்சை இனங்களை அடையாளம் காணும் பொது பார்கோடாக ஏற்றுக்கொண்டார்கள். நெருங்கிய இனங்களைப் பிரிக்க மட்டும் இது போதாது, கூடவே டெஃப்1, ஆர்பிபி2 போன்ற மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் 99% பொருந்துகிறது. பெயரை உறுதி செய்யலாமா?

செய்யாதீர்கள். அங்கே தவறான பெயரில் பதிவான கேனோடெர்மா வரிசைகள் ஏராளம். முதலில் வருகிற பெயரை அப்படியே எடுக்காமல், அந்த இனத்தை விவரித்தபோது வைத்த மூல மாதிரியின் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

கேப்சூலைச் சோதிக்க முடியுமா?

வெறும் பொடி என்றால் முடியும். கொதிக்கவைத்து எடுத்த சாறு என்றால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். அப்புறம், டிஎன்ஏ இனத்தைச் சொல்லுமே தவிர அளவையோ தரத்தையோ சொல்லாது. தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையை மாவோடு சேர்த்து அரைத்தாலும் சோதனையில் சரியான பெயரே வரும். தரத்தை அறிய, காளானில் உள்ள ட்ரைடெர்பீன், பீட்டா குளுக்கான் என்ற பொருள்களின் அளவை வேதியியல் முறையில் பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி மாதிரிகளை அப்படிச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 5 மட்டுமே தேறின.

எங்கள் தென்னை அடியிலும் இதே பளபளப்புக் காளான். காயவைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். அது தஞ்சாவூர் வாடல் என்ற தென்னை நோயின் அறிகுறி, அந்த நோயை 1952-இல் தஞ்சைப் பகுதியில் கண்டார்கள். பழைய நூல்களில் அந்தக் காளானுக்கும் 'லூசிடம்' என்றே பெயர் இருக்கும், அதை நம்பி மருந்தாக்காதீர்கள். மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்துங்கள், ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வையுங்கள்.