வீட்டுப் பட்டறையில் ஆஃப்-ரோடு பக்கி செய்ய எந்தக் கைமுறை டியூப் பெண்டர் வாங்கலாம்? ஹைட்ராலிக் பைப் பெண்டர் போதாதா?

போதாது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் ஹைட்ராலிக் பைப் பெண்டர் தண்ணீர்க் குழாய்க்காகச் செய்தது. வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் டியூபை அதில் வளைத்தால் உட்புறம் மடிந்து நசுங்கும்.

முதல் சிக்கல் அளவு. பைப்பைத் துவாரத்தின் பெயரளவில் சொல்கிறோம், டியூபை வெளிவிட்டத்தில். 1 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.7 மி.மீ., 1 இஞ்ச் டியூபோ 25.4 மி.மீ.தான். ஆக, 1 இஞ்ச் பைப்புக்கான டையில் (குழாய் பதிந்து வளையும் பள்ளமுள்ள அச்சில்) டியூபுக்கு 8 மி.மீ. தொளதொளப்பு. பக்கச்சுவரைத் தாங்க ஏதும் இல்லாததால் குழாய் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். "முக்கால் இஞ்ச் டையில் வைக்கலாமே, அது 26.9 தானே?" என்று கேட்பீர்கள். அதிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி இருக்கிறது. அதைவிட, அந்த மெஷின் வேலை செய்யும் விதமே நமக்கு ஆகாது: இரண்டு உருளைகளுக்கு நடுவே ராம் (எண்ணெய் அழுத்தத்தில் நகரும் தண்டு) முட்டித் தள்ளுவதால் அழுத்தம் முழுக்க நடுப்புள்ளியில் விழுகிறது. கனமான தண்ணீர்ப் பைப் தாங்கிக்கொள்ளும், 1.6 மி.மீ. சுவர் தாங்காது.

வாங்க வேண்டியது ரோட்டரி டிரா பெண்டர். இதில் டியூபின் ஒரு முனையை டையோடு கவ்விப் பூட்டுகிறோம். டை சுழலும்போது டியூபைத் தன் பள்ளத்துக்குள் இழுத்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் பாலோயர் கட்டை அணைத்துப் பிடிக்கும். வளையும் இடம் எப்போதும் இரண்டுக்கும் நடுவில் சிறைப்பட்டே இருக்கும். அமெரிக்காவின் ஜேடி ஸ்கொயர்டு மாடல் 3 இந்த வகைதான். மூன்று உருளை பெண்டர் கேரியர் போன்ற பெரிய வளைவுகளுக்கு மட்டும் சரி.

பெண்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் டியூபைத் தேர்ந்தெடுங்கள். உண்மையில் பணம் போவது டைக்கு; ஒவ்வொரு வெளிவிட்டத்துக்கும் தனி டை, தனி பாலோயர் வேண்டும். பாஜா எஸ்ஏஇ (பொறியியல் மாணவர்கள் ஆஃப்-ரோடு வண்டி செய்து ஓட்டும் போட்டி) வண்டிகளின் முதன்மைக் குழாய்க்கு அடிப்படை அளவு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், குறைந்தது 0.18% கார்பன். இதற்கு ஈடான வலிமையும் விறைப்பும் காட்டினால் வேறு அளவும் போடலாம். அந்தந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே டைக்கு ஆர்டர் கொடுங்கள். (சாலையில் ஓடும் ஜீப்புக்கு முன் பம்பர் கார்டு செய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசின் உத்தரவு வந்துவிட்டது.)

டையின் ரேடியஸ், டியூபின் மையக்கோட்டில் அளந்தால், வெளிவிட்டத்தின் 3 மடங்குக்குக் குறையக் கூடாது. 25.4க்கு 76 மி.மீ. அந்த அளவிலேயே வெளிச்சுவர் சுமார் 14% மெலிந்துவிடும். இன்னும் இறுக்கினால் உள்ளே சுருக்கம் விழும். நல்ல லேத் பட்டறை இருந்தால் 152 மி.மீ. விட்டம், 38 மி.மீ. கனமுள்ள வட்டத்தட்டில் 12.7 மி.மீ. ஆரத்துக்குப் பள்ளம் கடைந்து டையை நீங்களே செய்துகொள்ளலாம்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், டையையும் தட்டுகளையும் இணைக்கும் எஃகு ஊசிகளான பின்களைப் பாருங்கள். கடினப்படுத்தாத பின் வளையும், தட்டின் துளை நீள்வட்டமாகும், கடைசியில் கோணம் நிலையாக வராது. தட்டுகள் 12 மி.மீ. கனமாவது இருக்கட்டும். டிகிரி வளையமும் ராட்செட் பூட்டும் அவசியம். பூட்டு இல்லையென்றால் அடுத்த துளைக்குப் பின்னை மாற்றும்போது டை பின்னால் போய்விடும்.

இழுவிசையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 25.4 × 3 டியூபுக்கு உராய்வு போக ஏறக்குறைய 600 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவை. 1.5 மீட்டர் கைப்பிடியில் அது 40 கிலோ இழுப்பு, ஒரு ஆள் போதும். 38.1 × 3 என்றால் 100 கிலோவைத் தொடும். கான்கிரீட் தரையில் நான்கு ஆங்கர் போல்ட் இல்லாமல் ஸ்டாண்டே சாய்ந்துவிடும். 38க்கு மேல் நிறைய வேலை இருந்தால் கைமுறையை மறந்து, ஹைட்ராலிக் ஜாக் பூட்டக்கூடிய ரோட்டரி பெண்டரைப் பாருங்கள்.

வளைக்கும்போது: வெல்டிங் சீம் (டியூபின் நீளவாக்கில் ஓடும் பற்றுக்கோடு) பக்கவாட்டில் இருக்க வேண்டும், வெளிவளைவில் வந்தால் பிளக்கலாம். பாலோயருக்குக் கிரீஸ் பூசுங்கள், கவ்வும் இடம் உலர்ந்து சுத்தமாக இருக்கட்டும். கைப்பிடியை விட்டதும் டியூப் சில டிகிரி திரும்பும். எவ்வளவு என்பது லாட்டுக்கு லாட்டு மாறும், ஒரு துண்டை வளைத்துப் பார்த்தே அறியலாம். நீளக் கணக்கில்தான் பலரும் டியூபை வீணாக்குகிறார்கள். 76 மி.மீ. ரேடியஸில் 90 டிகிரி வளைவு சாப்பிடும் டியூப் 120 மி.மீ. மூலையிலிருந்து மூலைக்கு அளந்து வெட்டினால் ஒவ்வொரு வளைவுக்கும் 32-33 மி.மீ. மிஞ்சும். வளைவு தொடங்கும் குறி, மூலையிலிருந்து 90 டிகிரிக்கு 76 மி.மீ. முன்னால், 45 டிகிரிக்கு வெறும் 32.

வளைத்தபின் வெர்னியரால் குறுக்கே இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். சிறிய அளவு பெரியதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் துண்டைக் கேஜில் போடக் கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியும் இதே எல்லையைத்தான் வைக்கிறது.

மணல் நிரப்பி, இரு முனையும் அடைத்து, சூடாக்கி வளைக்கும் பழைய முறை கேட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் ஓடும். ஈர மணலாக இருந்தால் நீராவி அழுத்தத்தில் அடைப்பு துப்பாக்கி ரவை மாதிரிப் பாயும். 4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) டியூபைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் வலிமை குலைந்துவிடும்.