அலமாரியில் கிடக்கும் அரசு லேப்டாப்பை மகளுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அவள் அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது; ஆன் செய்தால் பத்து நிமிஷம் சுற்றுகிறது. எங்கள் இருவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. சரிசெய்து கொடுத்தால் படிப்புக்கு உதவுமா?

பதில்: உதவும். ஆனால் தானாக மார்க் ஏறாது. ருமேனியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 200 யூரோ கூப்பன் கொடுத்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வின்படி, வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் திறமை கூடியது, பள்ளி மார்க் குறைந்தது. வீட்டுப்பாடத்துக்குப் பெற்றோர் கட்டுப்பாடு வைத்திருந்த வீடுகளில் அந்தச் சரிவு அவ்வளவாக இல்லை. ஆகவே உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் மெஷின். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓட்டலாம், கரண்ட் போனால் சேமிக்காதது போய்விடும், அவ்வளவுதான். பழைய படங்களைப் பென் டிரைவில் எடுத்துவிட்டு, கடையில் ஹார்ட் டிஸ்கை 256 ஜிபி எஸ்எஸ்டி-யாக (அதைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றச் சொல்லுங்கள். ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 2 ஜிபி என்றால் 4 ஆக்க வேண்டும். பழைய ரேமைக் கழற்றிக் காட்டித்தான் வாங்க வேண்டும். ரகம் மாறினால் பொருந்தாது. விண்டோஸ் 7 இருந்தால் வேண்டாம், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகப் போடும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, இந்த மெஷினுக்குத் தாங்கும், காசும் கிடையாது.

இத்தனையும் செய்த பிறகு எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று வருகிறதா? வைரஸ் என்று பயப்படாதீர்கள். மூலையில் தேதியைப் பாருங்கள். வருஷங்கள் கிடந்த லேப்டாப்பில் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவச் சின்ன பேட்டரி செத்து, கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். தேதி தப்பானால் தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் முடிவு கட்டிவிடும். அந்தப் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. இதற்குப் போய் முழு ‘சர்வீஸ்’ என்று பில் போடும் கடைகளும் உண்டு.

மகளுக்குத் தனியாகச் சாதாரண யூசர் கணக்கு போடுங்கள். எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். லேப்டாப் கூடத்தில், திரை எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். அறைக்குள் போய்விட்டால் மற்ற எந்தக் கட்டுப்பாடும் நிற்காது.

பாடப்புத்தகத்தில் க்யூஆர் கட்டத்துக்கு அடியில் ஆறு எழுத்து-எண் குறியீடு இருக்கும். அதை திக்ஷா என்ற அரசின் பாடத் தளத்தில் டைப் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். அப்பாவின் போன் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இணையம் போன் ஹாட்ஸ்பாட் என்றால், அப்டேட்டுகளைத் தானாக இறங்கவிடாதீர்கள், அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் தெரியாதது உங்களுக்குக் குறையே இல்லை. வீடியோ முடிந்ததும் மூடச் சொல்லி, “இப்ப எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். எங்கே திணறுகிறாளோ அங்கேதான் புரியவில்லை. அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் வீட்டு மளிகைக் கணக்கை லிப்ரேஆபீஸ் கால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளில் அவளைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்காருங்கள். கூட்டலை ஃபார்முலாவில் போடட்டும், கால்குலேட்டரில் அல்ல. தமிழில் அடிக்க உதவும் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் வலது பக்கம். ஆங்கிலம் தெரியாமலே நீங்களும் அடிக்கலாம். அதை அவளே உங்களுக்குச் சொல்லித்தரட்டும்.