பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே ஆளா?

கேள்வி: நாங்களும் பக்கத்து ஊர் அறக்கட்டளையும் முதியோருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறோம். ஒருவரே இரண்டு இடத்திலும் வாங்காமல் இருக்க, இரண்டு பட்டியலையும் எக்ஸெலில் போட்டு, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறவர்களை நீக்கிவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து அப்படி நீக்காதீர்கள். முதியோர் விஷயத்தில் பிறந்த தேதியை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பலருக்குப் பிறந்த வருடமே குத்துமதிப்புதான், அதனால் ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள்; பள்ளிக்குப் போனவர்களுக்கோ, சேர்க்கும்போது வயதுக் கணக்குக்காகத் தலைமையாசிரியர் எழுதிய தேதிதான் இன்றுவரை பிறந்த தேதி. உங்கள் பட்டியலில் ஜனவரி 1 எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். அதில் இரண்டு எஸ். முருகன் இருந்து, வருடமும் ஒன்றாகிவிட்டால் ஒருவருக்குப் பணம் நின்றுவிடும்.

தேதி சரியாகவே இருந்தாலும் பட்டியல் பெரிதாகும்போது தற்செயல் பொருத்தங்கள் நிறைய வரும். 40 வருட இடைவெளிக்குள் பிறந்த 1,000 எஸ். முருகன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 வருடத்தில் சுமார் 14,600 நாள், 1,000 பேரில் 4,99,500 ஜோடி. வகுத்தால், ஏறக்குறைய 34 ஜோடிக்குத் தேதி, மாதம், வருடம் மூன்றும் ஒத்துப்போகும்.

சரி, எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே சுமதி ஒரு பட்டியலில் அப்பாவின் இனிஷியலோடும் இன்னொன்றில் கணவரின் இனிஷியலோடும் இருப்பார், ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்து 'ஐ'யா 'ஒய்'யா என்பது வேறு. இவரை உங்கள் எக்ஸெல் இரண்டு பேராகத்தான் பார்க்கும். இதற்காக, பெயர் ஓரளவு ஒத்தாலே போதும் என்று தளர்த்தினால் ஆபத்து இன்னும் பெரிது. 2000 தேர்தலுக்கு முன் அமெரிக்காவின் புளோரிடாவில் வாக்காளர் பட்டியலைக் குற்றவாளிகள் பட்டியலோடு இப்படித்தான் தளர்வாக ஒப்பிட்டார்கள். குற்றமே செய்யாத பலர், குறிப்பாகக் கறுப்பின மக்கள், நீக்கப்பட வேண்டியவர்களாகக் குறிக்கப்பட்டார்கள். அங்கே அதிபர் தேர்தலே 537 ஓட்டில் முடிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் எக்ஸெல் தருவதைச் சந்தேகப் பட்டியலாக மட்டும் வையுங்கள். அப்பா அல்லது கணவர் பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் ஒருவர் நேரில் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும், போனில் வேண்டாம், காது கேட்காதவர்கள் இருப்பார்கள். கேட்டு முடிக்கும்வரை அவருடைய பணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.