படகு எஞ்சின் கியர் போட்டதும் ஐடிலில் அணைந்துவிடுகிறது. இக்னிஷன் டைமிங்கை எப்படி வைப்பது?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கார்புரேட்டர் வைத்த வி8 இன்போர்டு, அதாவது படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சின். நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டதும் ஆர்பிஎம் விழுந்து அணைகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. இனி டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்து ஸ்பார்க்கை அனுப்பும் பாகம்) எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எந்தப் பக்கமும் திருப்பாதீர்கள். நான் திருப்பித்தான் மாட்டிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கும் இதே தொல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி அட்வான்ஸ் பக்கம், அதாவது ஸ்பார்க் முன்னதாக வரும் பக்கம், மெல்லத் திருப்பினேன். திருப்பத் திருப்ப ஆர்பிஎம் ஏறியது, சத்தம் சீரானது. திராட்டில் ஸ்குரூவைக் குறைத்து 750க்குக் கொண்டுவந்தேன். ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னி கிராங்க் புல்லியின் குறியைக் காட்டும் டைமிங் லைட்டில் 14 டிகிரி காட்டியது, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 14 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே ஸ்பார்க். நியூட்ரலில் தையல் மிஷின் மாதிரி ஓடியது. அந்தச் சந்தோஷத்தோடு ஒரு சுற்றுப் போய்விட்டுத் துறைக்குத் திரும்பினேன். படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ் கியர்தான் பிரேக். ரிவர்ஸ் போட்ட அந்த நொடியில் எஞ்சின் அணைந்தது. நேராகப் போய்த் தூணில் முட்டினேன். பெரிய சேதம் இல்லை, வேடிக்கை பார்த்தவர்கள்தான் நிறையப் பேர்.

அப்புறம்தான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். வேகம் ஏறும்போது விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ் எடைகளை இழுத்துப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று கொக்கியோடு முறிந்து கிடந்தது. அதனால் 1000 ஆர்பிஎம்முக்கு மேல் விரிய வேண்டிய எடைகள் ஐடிலிலேயே விரிந்துகொண்டிருந்தன. நான் பார்த்த 14 டிகிரியில் பாதிக்கு மேல் அந்த எடைகள் கொடுத்தது. கியர் போட்டு ஆர்பிஎம் 550க்கு விழுந்ததும் எடைகள் உள்ளே மடங்கி, டைமிங் 6 டிகிரிக்குப் போய்விட்டது. எஞ்சினுக்குப் பலம் தேவைப்படும் அதே நேரத்தில் டைமிங் பின்வாங்கினால் அணையாமல் என்ன செய்யும்?

ஐடில் டைமிங்கில் எல்லோரும் எத்தனை டிகிரி என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், ஆர்பிஎம் கூடிக் குறையும்போது அந்த டிகிரி நகர்கிறதா என்பது. ஆர்பிஎம் ஏறும்போது அட்வான்ஸும் சேர்ந்து ஏறினால் எஞ்சின் தன்னைத்தானே தள்ளிவிட்டுக்கொள்ளும். விழும்போது அதே கணக்கில் சேர்ந்து விழும். ஐடில் மேலும் கீழுமாக அலைவதற்கும் கியரில் அணைவதற்கும் இது ஒரு பெரிய காரணம். ஐடில் வட்டாரத்தில் டைமிங் அசையாமல் நிற்க வேண்டும்.

டைமிங் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், ஐடிலில் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டருக்குள் புதுக் கலவை குறைவு, வெளியேறாத பழைய புகை அதிகம். அதனால் மெதுவாகத்தான் எரியும், கொஞ்சம் முன்னதாகவே பற்றவைக்க வேண்டும். 700 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது சுமார் 0.24 மில்லி செகண்ட். 8 டிகிரி வைத்தால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மில்லி செகண்ட்கூட முன்னால் இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் பில்ஜ் புளோயரை (எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சின் அறையில் தேங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். காருக்கான டிஸ்ட்ரிபியூட்டரைப் படகில் மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான். படகுக்கென்று செய்ததில் உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி காற்றுத் துளைகளுக்கு வலை வைத்திருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட் பாயிண்ட் வைத்த வகை என்றால் அதன் இடைவெளியை, அதாவது பாயிண்ட் கேப்பை, முதலில் சரிசெய்யுங்கள். கேப் மாறினால் டைமிங்கும் மாறும், டைமிங் மாறினால் கேப் மாறாது. வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை.

அடுத்து, கிராங்க் புல்லியில் இருக்கும் டிடிசி குறி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) உண்மைதானா என்று பாருங்கள். அந்தக் குறி இருக்கும் பேலன்சரின் வெளி வளையம் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய எஞ்சினில் அது வழுக்கி நகர்ந்திருக்கலாம். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேலன்சரில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 1.75 மில்லிமீட்டர். வளையம் ஒரு சென்டிமீட்டர் நழுவினால் லைட் ஐந்தாறு டிகிரி பொய் சொல்லும். சோதிக்க, ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுத்து நிறுத்தும் கருவி) மாட்டுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு பக்கமும் அது தட்டும் வரை சுற்றி, நிற்கும் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டால் அவற்றின் நடுப்புள்ளிதான் நிஜ டிடிசி. ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றாதீர்கள், பிஸ்டன் போய்விடும்.

எஞ்சினைத் தண்ணீரில், நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். கரையில் குழாய் மாட்டி ஓட்டினால் எக்ஸாஸ்டுக்குத் தண்ணீரின் எதிர்ப்பு இல்லை, புரொப்பெல்லருக்கும் சுமை இல்லை. அங்கே வைத்த ஐடில் தண்ணீரில் வேறாக இருக்கும். படகை இரண்டு கயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஸ்டீயரிங் அருகே ஒருவரை உட்கார வையுங்கள். டாஷ்போர்டு டாக்கோமீட்டரைக் குறைந்த ஆர்பிஎம்மில் நம்ப வேண்டாம், தனி மீட்டர் வையுங்கள். இப்போது லைட்டை அடித்துக்கொண்டே 600லிருந்து 900 வரை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். குறி நகராமல் நின்றால் உள்ளே எல்லாம் சரி. நகர்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது எடைகள் மாட்டியிருக்கும் பின் தேய்ந்திருக்கிறது. குறி ஒரே இடத்தில் நில்லாமல் துடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ், டைமிங் செயின், கியர் தேய்மானம் என்று தேட வேண்டும். அதை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

குறி நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் டிகிரிக்கு வர வேண்டும். கார்புரேட்டர் வி8 இன்போர்டுகளில் பலவற்றுக்கு 8 அல்லது 10 டிகிரி முன்னால் என்று கையேட்டில் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கானதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்துவிட்டு திராட்டில், கலவை ஸ்குரூக்களால் ஐடிலைச் சரிசெய்து, கியர் போட்டுப் பாருங்கள். நூறு ஆர்பிஎம் போல் விழுந்து நின்றால் நல்லது.

ஐடில் நன்றாக இருக்கிறதே என்று கையேட்டு எண்ணைத் தாண்டாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை 6 டிகிரி கூட்டினால் ஐடிலில் மட்டும் ஏறாது, முழுத் திராட்டிலிலும் அதே 6 டிகிரி ஏறும். ஐடிலில் வைக்கும் பேஸ் 8, எடைகள் கூட்டுவது 22, மொத்தம் 30 என்று இருந்தது 36 ஆகிவிடும். காரில் சமவெளியில் போகும்போது திராட்டிலைக் கொஞ்சம்தான் திறக்கிறோம். படகோ எப்போதும் மேடேறும் லாரி மாதிரிதான். நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வந்தாலும் எஞ்சின், தண்ணீர் சத்தத்தில் காதில் விழாது. பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும். கார்க்காரர்கள் எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கைக் கூட்டும் வேக்குவம் அட்வான்ஸை மேனிஃபோல்டில் மாட்டி ஐடிலில் இருபது டிகிரிக்கு மேல் வைப்பதாகச் சொல்வார்கள். படகு டிஸ்ட்ரிபியூட்டர்களில் பெரும்பாலும் வேக்குவம் அட்வான்ஸே கிடையாது, அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் கதை வேறு. ஐடிலைப் பிடித்து நிறுத்த எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவே டைமிங்கை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆர்பிஎம் விழுந்தால் கூட்டும், ஏறினால் குறைக்கும். லைட்டில் குறி துள்ளுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேஸ் டைமிங்கைப் பார்க்க சர்வீஸ் மோடில் போட்டுப் பூட்ட வேண்டும். தனி ஈசியூ போட்டு நீங்களே மேப் எழுதினால் இதே தந்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஐடில் 700 என்றால் அங்கே 9, 550இல் 13, 850இல் 6 என்பது போலச் சாய்வைத் தலைகீழாக வையுங்கள். ஏர் வால்வு திறக்க நேரமாகும், ஸ்பார்க்குக்கு அடுத்த சிலிண்டரிலேயே பலன் தெரியும்.

கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 8 டிகிரி வைத்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஐடில் ஸ்பார்க் டிடிசி தாண்டிய பிறகுதான் வரும், கார்புரேட்டரின் காற்றுக் கதவான பட்டர்ஃபிளை முழுக்க மூடியிருக்கும், ஐடில் வேகத்தை வைப்பதே டைமிங் ஸ்டாப் ஸ்குரூதான். பட்டர்ஃபிளையைத் திறந்து ஐடிலை ஏற்றினால், திராட்டிலும் டைமிங்கும் கோத்து நகரும் ஒழுங்கு கெட்டு, முடுக்கும்போது திணறும்.

ஒன்றை மறந்துவிட்டேன். உங்களுடையது ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் டிரைவ் படகின் பின்புறம் வெளியே) என்றால், கியர் எளிதாக மாறுவதற்காக ஒரு கணம் ஸ்பார்க்கை வெட்டும் ஷிஃப்ட் ஸ்விட்ச் சிலவற்றில் இருக்கும். கேபிள் இறுகி அந்த ஸ்விட்ச் அழுந்தியபடியே நின்றாலும் கியர் போட்டதும் இதே மாதிரிதான் அணையும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறப்பதற்கு முன் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.