வீட்டில் ஒலிப்பதிவு செய்ய வாங்கிய யுஎஸ்பி மைக்கில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. வேறு நல்ல மைக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அதற்காக எடுத்து வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்திருங்கள்.

ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு கண்டென்சர் வகை (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் உணர்திறன் கூடிய வகை) யுஎஸ்பி மைக் வாங்கியதாகவும், சிறுகதைகளை வாசித்துப் பதிவேற்ற விரும்புவதாகவும், பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்பதாகவும், நண்பர்கள் ஆடியோ இண்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் தனிப் பெட்டி) அதில் செருகும் எக்ஸ்எல்ஆர் மைக்கும் வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாத சிலவற்றை நானே ஊகித்துக்கொள்கிறேன்: கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ், சுவரை ஒட்டி ஒரு மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, மைக் உங்கள் முகத்திலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி தள்ளி மடிக்கணினிக்குப் பக்கத்தில். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். ஆனால் நம் ஊர்களில் பத்தில் எட்டு வீடுகள் இப்படித்தான் இருக்கும்.

நான் ஒலிப்பொறியாளர் அல்ல. திருச்சியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு ஒலிநூல்களுக்கு வாசித்துக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பதும் விலை குறைந்த யுஎஸ்பி மைக்தான். எந்த நிறுவனத்திடமும் நான் பணம் வாங்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பில் எதை எழுதினாலும் யாராவது ஒருவர் அந்தச் சந்தேகத்தோடு வந்து நிற்கிறார்.

யுஎஸ்பி மைக் என்பது மூன்று பொருள்கள் ஒரே கூட்டில் அடைபட்ட சாதனம். காற்றின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் கேப்ஸ்யூல், அந்த நலிந்த மின்னழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப், அதை எண்களாக மாற்றும் சில்லு. இண்டர்ஃபேஸ் வாங்கினால் பின்னிரண்டும் வெளியே ஒரு பெட்டிக்குள் இன்னும் சற்றுத் தரமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அறையின் எதிரொலியையும் விசிறியின் இரைச்சலையும் அந்தப் பெட்டி குறைக்காது. உணர்திறன் கூடிய மைக் என்றால் அவற்றை இன்னும் துல்லியமாகப் பதிவு செய்து கொடுக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலிநூல் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்னிடம் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை மாதிரிக்காகக் கேட்டது. கத்திரி வெயில் காலம். வாசிப்பு நடையைப் பார்ப்பதற்கு மட்டும் அனுப்புகிறேன், விசிறி ஓடுகிறது, இறுதிப் பதிவில் அது இருக்காது என்று தெளிவாக எழுதித்தான் அனுப்பினேன். வந்த பதிலில் வாசிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் உபகரணம் தரமற்றது என்றும், இணைப்பில் உள்ள பட்டியலில் இருப்பவற்றை வாங்கிக்கொண்டு தொடர்பு கொள்ளும்படியும் இருந்தது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்தால், முழு நாவலையும் வாசித்து, பிழை நீக்கி, எடிட் செய்து கொடுப்பதற்கு அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையைவிட அதிகம். அதே மைக்கை, அதே கேபிளோடு, அதே கணினியில் வைத்து, கீழே சொல்லப்போகிற முறையில் அந்த அத்தியாயத்தை மீண்டும் பதிவு செய்து அனுப்பினேன். அமைதியான இடங்களில் முன்பு −44 டெசிபலில் இருந்த பின்னணி இரைச்சல் −63க்கு இறங்கியிருந்தது (0தான் உச்சம், அதற்குக் கீழே போகப் போக அமைதி). “புதிய மைக் மிகவும் நன்றாக இருக்கிறது மேடம்” என்று பதில் வந்தது. பழைய மைக்தான் என்று நான் எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை. அந்த ஒலிநூல் வெளிவந்தபோது என் குரலுக்கு அடியில் புல்லாங்குழல் இசையை ஓடவிட்டிருந்தார்கள், அதுவும் விசிறிச் சத்தத்தைவிடப் பல மடங்கு உரக்க. சரி, அது போகட்டும்.

முதலில் மைக்கின் எந்தப் பக்கத்தில் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். பத்திரிகையாளர் சந்திப்புகளில் பார்த்துப் பழகியதால் பலரும் மைக்கின் உச்சியை வாய்க்கு நேராகச் சாய்த்துக்கொள்கிறார்கள். ப்ளூ யெட்டி போன்ற கண்டென்சர் மைக்குகள் பக்கவாட்டில் கேட்பவை. மைக்கை நிமிர்த்தி நிறுத்தி, நிறுவனத்தின் முத்திரை உள்ள பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் பேச வேண்டும். கையில் பிடித்துப் பாடும் மைக் போன்ற வடிவில் உள்ள, உணர்திறன் குறைந்த டைனமிக் வகைகளுக்கு, உதாரணமாக சாம்சன் க்யூ2யூவுக்கு, உச்சியில்தான் பேச வேண்டும். திசையை மாற்றும் குமிழ் இருந்தால் அதை இதய வடிவக் குறிக்குத் திருப்புங்கள். அந்த நிலைக்குக் கார்டியாய்டு என்று பெயர். அதில் மைக் தன் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் சற்றுக் குறைவாகக் கேட்கும், நேர் பின்பக்கத்தை ஏறக்குறைய விட்டுவிடும்.

இதிலிருந்துதான் எங்கே உட்காருவது என்பது தெரிய வருகிறது, பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வதும் இதைத்தான். மைக்கின் முன்பக்கம் உங்களைப் பார்க்கிறது. ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் அதுவே பார்க்கிறது. மேசைக்கு எதிரே உள்ள சுவரில் பஞ்சுப் பலகைகளை ஒட்டிவிட்டு முதுகுப் பக்கத்துச் சுவரை வெறுமையாக விட்டால் பயன் மிகக் குறைவு. தெருப்பக்கத்து சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே, அதாவது மைக்கின் முதுகுப் பக்கம் வருமாறும், துணிகளும் மெத்தையும் உங்களுக்குப் பின்னால் வருமாறும் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். சன்னலுக்குத் தடித்த திரை இருக்கட்டும். நான் பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, அடுக்கி வைத்த புடவைகளுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். பக்கத்தில் என் மாமியார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை சுவரோரம் நிமிர்ந்து நிற்கிறது. கடையில் விற்கும் மெல்லிய பஞ்சுப் பலகையால் முடியாத வேலையை அந்த மெத்தை அதன் கனத்தினாலேயே செய்துவிடுகிறது. முட்டை அட்டைகளை ஒட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவை எதிரொலியை உறிஞ்சும் அளவுக்குத் தடிமன் உள்ளவை அல்ல, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. அறையின் நடுவில் நின்று ஒரு முறை உரக்கக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீண்டால், கிணறு இருப்பது மைக்கில் அல்ல, அறையில்.

அடுத்தது தூரம். அறையின் எதிரொலியும் இரைச்சலும் மைக் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்து சேரும். உங்கள் குரலோ தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். இரண்டு அடியிலிருந்து அரை அடிக்கு வந்தால் 12 டெசிபல், ஒரு ரூபாய் செலவில்லாமல். கண்டென்சர் மைக்குக்கு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரமும், டைனமிக் மைக்குக்கு நான்கு விரல் தூரமும் எனக்குச் சரியாக வருகின்றன. மிகவும் நெருங்கினால் குரலில் அடித்தொனி தேவைக்கு மேல் கனத்துவிடும். ஆண் குரலுக்கு அது கம்பீரம் என்று சிலர் விரும்பிச் செய்கிறார்கள், கதை வாசிப்பில் அரைமணி நேரம் அதைக் கேட்பது கடினம். நெருங்கும்போது வரும் இன்னொரு தொல்லை பகரம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து “அப்பப்பா” என்று சொல்லிப் பாருங்கள், காற்று வந்து அறையும் இடம் தெரியும். அந்த இடத்தில் மைக் இருக்கக் கூடாது. வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய்ப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி, முகத்தை நோக்கித் திருப்பி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒரு பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் மெல்லிய திரை) போதும்.

கெயின் குமிழைப் பற்றி, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை முடிவு செய்யும் குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ‘உஸ்’ இரைச்சலில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. தூரத்தில் உட்கார்ந்து பேசுவதால் குரல் சன்னமாக வருகிறது, அதை ஈடுகட்டக் கெயினை முழுவதும் திருப்பிவிடுகிறோம், குரலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. நெருங்கி வந்துவிட்டுக் கெயினைக் குறையுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அளவுமானி ஓடும். கதையில் மிக உரக்க வரும் இடத்தை வாசிக்கும்போது அது −12க்கும் −6க்கும் இடையே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். டிஜிட்டல் அளவில் 0 என்பதுதான் கூரை. அதைத் தொட்ட ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிடும், பிறகு முழுதாக மீட்க வழியில்லை. எண்களாக மாறும் வேலை மைக்குக்குள்ளேயே முடிந்துவிடுவதால், அங்கே வெட்டுப்பட்ட ஒலியைக் கணினியில் குறைத்துப் பயனில்லை. ஆகவே மைக்கில் உள்ள குமிழைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

கணினிப் பக்கம் வேலை குறைவு. விண்டோஸின் ஒலி அமைப்புகளில் உங்கள் மைக்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினியின் உள் மைக்கில் பதிவு செய்துகொண்டு புதிய மைக்கைத் திட்டுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். மைக்கின் மேல் விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற பகுதியை அணைத்துவிடுங்கள். காணொளிச் சந்திப்புகளுக்காக உருவான இரைச்சல் நீக்கும் வசதிகள் அலுவலகப் பேச்சுக்குச் சரி. கதை வாசிப்பில் அவை சொற்களின் கடைசியில் தேய்ந்து வரும் மகரத்தையும் லகரத்தையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. ‘மரம்’ என்று வாசித்தால் ‘மர’ என்று பதிவாகிறது. சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டில் எதையாவது ஒன்றில் வைத்துக்கொண்டு மென்பொருளிலும் அதையே வையுங்கள். 192 வேண்டும் என்று வாதிடுவோர் இதன் கீழேயும் வருவார்கள், குறுந்தகட்டுக்கே 44.1 கிலோஹெர்ட்ஸும் 16 பிட்டும்தான், அந்த 16 பிட் தரும் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சை நம் தெருவில் எந்த அறையாலும் நிரப்ப முடியாது.

ஹெட்போன் செருகும் துளை மைக்கிலேயே இருந்தால் அதில்தான் செருக வேண்டும். உங்கள் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் நேரடியாகக் காதுக்கு வரும். கணினி வழியாகக் கேட்டால் கண நேரம் பிந்தி வந்து நாக்கைக் குழப்பும்.

மின்சாரத்தால் வரும் ஹம் தனிக்கதை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சரியான எர்த் இல்லாத பிளக்கில் மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியிருந்தால் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடக்கூடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் உங்களுக்குத் தேவை எலக்ட்ரீஷியன், மைக் அல்ல. யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுவதும் நல்லது.

விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், அதில் சமரசம் இல்லை. அதன் சத்தம் மட்டுமல்ல, காற்றும் மைக்கில் மோதுகிறது. அதிகாலையில் பதிவு செய்யலாம் என்பார்கள். மார்கழியில் எங்கள் தெருவில் நான்கரை மணிக்கே ஒலிபெருக்கி தொடங்கிவிடும், அது முடியும்போது பால்காரர், பிறகு காகம், பிறகு குக்கர். என் அனுபவத்தில் மிகச் சிறந்த நேரம், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளின் முற்பகல்தான். அக்கம்பக்கத்து மோட்டார், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் ஓய்ந்திருக்கும். பேட்டரி முழுவதும் ஏற்றி வைத்திருந்தால் இரண்டு அத்தியாயம் முடிக்கலாம். வியர்த்துக் கொட்டும் என்பது உண்மைதான். செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பை ஆவலோடு தேடும் ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

வாசிப்பைத் தொடங்குமுன் பத்து விநாடி பேசாமல் இருந்து அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பு வசதி அந்தப் பகுதியை மாதிரியாக எடுத்துக்கொள்ளும். 6 டெசிபல், மிஞ்சினால் 12 வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரலில் ஓர் உலோகக் கிறீச்சொலி ஒட்டிக்கொள்ளும். அதோடு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் தெருவில் போகும் பேருந்தின் உறுமலும் மேசை அதிர்வும் குறையும். ஒலிநூல் தளமான ஆடிபிளுக்குப் பதிவு அனுப்பும் ஏசிஎக்ஸின் விதிகள் உங்களுக்கு நல்ல அளவுகோல்: சராசரி ஒலியளவு −23க்கும் −18க்கும் இடையே, உச்சம் −3க்குள், பின்னணி இரைச்சல் −60க்குக் கீழே. இவற்றை விலை குறைந்த யுஎஸ்பி மைக்கிலும் எட்ட முடியும், நான் எட்டியிருக்கிறேன்.

எக்ஸ்எல்ஆர் மைக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து உரையாடுவதைப் பதிவு செய்வதானால் இண்டர்ஃபேஸ் வாங்குவதே சரி; இரண்டு யுஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் செருகினால் ஒவ்வொன்றும் தன் கடிகாரப்படி ஓடி, நேரம் செல்லச் செல்ல இரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று விலகிப்போகும். உங்களுடையது தனிக்குரல் வாசிப்பு.

இவ்வளவும் செய்த பிறகும் அதே ‘உஸ்’ கேட்டால், கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் கேட்டால் மைக்கில்தான் கோளாறு. உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள்.