வேடியப்பன் கல்லில் இருக்கும் குடம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அரூர் பக்கம். அண்ணன் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் புலி. ஆறே மாதத்தில் போனில் பார்த்தே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டான். எங்கள் கொல்லையை ஒட்டி ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது. வில்லும் கத்தியுமாக ஒரு வீரன், காலடியில் மூக்கு வைத்த குடம், தலைக்கு மேலே எழுத்து. அதில் 'தொறு', 'பட்டான் கல்' என்ற சொற்களைப் படித்துவிட்டான். தொறு என்றால் செல்வம், குடம் என்றால் புதையல் குடம், கத்தி முனை காட்டும் திசையில் தோண்ட வேண்டும் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். சொந்தக்காரர்கள் நம்பிவிட்டார்கள். அமாவாசைக்கு ஜேசிபி பேசியாயிற்று. முதலில் கல்லைப் பெயர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. என்ன செய்ய?

அன்புள்ள நண்பருக்கு,

ஜேசிபியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கடிதம் வந்த அன்றே இதைத் தனியாக எழுதியிருந்தேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊரில் மட்டும் நடக்கிற காரியமில்லை இது.

உங்கள் அண்ணன் மகன் செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் புள்ளி வட்டெழுத்தில் பெரும்பாலும் இருக்காது. 'தொ' எது, 'தோ' எது என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் எண்ணெயும் பட்ட கல்லில் அதைப் பதினாறு வயதில் ஒருவன் தானாகப் படித்திருக்கிறான் என்றால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொறுவைச் செல்வம் என்றதில்கூட அவன் ரொம்ப விலகிப்போகவில்லை. தொறு என்றால் மாட்டு மந்தை. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளை அவன் பள்ளியில் படித்திருப்பான். அந்தக் காலத்தில் ஓர் ஊரின் சொத்து அதன் மந்தைதான். அதைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்குத்தான் செங்கத்திலும் தருமபுரியிலும் இத்தனை கல் நட்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம்.

அவன் தவறியது குடத்தில்.

அது கெண்டி. நீரோ கள்ளோ ஊற்றிக் குடிக்கிற மூக்குப் பாத்திரம். இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். அது ஏன் என்று புரிய உங்கள் தகடூரை, அதாவது பழைய தருமபுரியை, விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தக் கொஞ்சம் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் கொல்லையில் இருக்கும் குடத்தை அந்தச் சிறு கலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செத்துப்போனவன் தாகத்துக்கு வைத்தது அது.

கத்தியும் திசை காட்டவில்லை. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள் என்பது நடுகல் சிற்பிகளின் வழக்கமான அமைப்பு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். கணக்குத் தெரிந்த பையன், பத்துக் கல்லைப் பார்த்தாலே அவனுக்கு விளங்கிவிடும்.

என் பாட்டி ஊரிலும் ஏரிக்கரையில் இப்படி ஒரு கல் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது யாரோ ராத்திரியில் கடப்பாறை போட்டுப் பெயர்த்தார்கள். காலையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. எழுத்து இருந்த பக்கம் சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. குழியில் வெறும் செம்மண். அந்த வீரன் பெயரை இனி யாரும் படிக்க முடியாது. எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

தோண்டுவதிலும் முறை இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்தது. எந்த அடுக்கில் எது கிடந்தது என்று குறித்து வைத்ததால்தான், அங்கே இரும்பு பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வாக்கிலேயே புழங்கியது என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவிக்க முடிந்தது. ஜேசிபி வாளி ஒரே அள்ளில் அந்த அடுக்குகளைக் கலக்கிவிடும். அப்புறம் எந்த விஞ்ஞானியாலும் காலம் சொல்ல முடியாது. சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

பையனுக்கு ஒரு வேலை தருகிறேன். கல்லின் மேல் மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சை எழுத்துக்குப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போலப் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத கோடுகள் தெரியும். இந்தக் கல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுகள் தொகுப்பில் பார்க்கலாம். இல்லையென்றால் துறைக்கு அவன் பெயரிலேயே எழுதட்டும். பிற்பாடு விருப்பம் இருந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே கல்வெட்டியல் துறை இருக்கிறது.

பட்டான் என்றால் செத்துப்போனான். 'தொறு'வுக்கும் 'பட்டான்' என்பதற்கும் நடுவில் இருக்கும் சொல்லை அவன் இன்னும் படிக்கவில்லை. அது 'மீட்டு' என்றால், களவு போன மந்தையைத் திருப்பிக் கொண்டுவரப் போய்ச் செத்தவன். 'கொண்டு' என்றால், மந்தையைக் கவரப் போனவனே இவன். இரண்டில் எது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் அதையும்.